முகத்துக்கு எது வேண்டாம்?

பச்சை மிளகாய் நறுக்கிய கையால் கன்னத்தைத் தொட்டுவிட்டால் திகுதிகுவென்று எரிகிறது. ஆனால் அங்கே தோல் வெந்திருக்காது. மிளகாயில் உள்ள கேப்சைசின், தோலின் நரம்பு நுனிகளில் இருக்கும் டி.ஆர்.பி.வி.1 என்ற புரதத்தைத் திறந்துவிடுகிறது. ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டாலும் திறப்பது இதே புரதம்தான். எனவே இரண்டு சமயத்திலும் மூளைக்குப் போகும் தகவல் ஒன்றே: சுடுகிறது. இந்தப் புரதத்தை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

புதிதாக வாங்கிய கிரீமைத் தடவியதும் முகம் எரிகிறது என்று சொல்பவர்களிடமும் இத்தகைய நரம்பு நுனிகள்தான் அளவுக்கு மீறி விழித்துக்கொள்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வெளியே தடிப்போ கொப்புளமோ தெரிவதில்லை. அதனால் வீட்டில் யாரும் நம்புவதும் இல்லை. "எல்லாரும் போடுற கிரீம்தானே, உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்டுவிடுகிறார்கள். இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் 2017-இல் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டது. அந்த ஆண்டு தோல் வல்லுநர்களின் பன்னாட்டுக் குழு ஒன்று சென்சிட்டிவ் சருமத்துக்கு ஒரு வரையறை தந்தது. சாதாரணமாகத் தொந்தரவு செய்யக் கூடாத ஒன்று பட்டதும் எரிச்சல், குத்தல், அரிப்பு, வலி, குறுகுறுப்பு போன்ற உணர்வுகள் தோன்ற வேண்டும். அவற்றுக்குக் காரணமாக வேறு தோல் நோய் இருக்கக் கூடாது. தோல் சிவக்கலாம், சிவக்காமலும் இருக்கலாம். அதாவது, எரிகிறது என்று அந்த ஆள் சொல்வதே போதிய சான்று.

இதைச் சோதிக்க ஓர் எளிய முறையும் இருக்கிறது. தயிரைப் புளிக்க வைக்கிற லாக்டிக் அமிலத்தின் கரைசலை மூக்கோரத்து மடிப்பில் தடவி, சில நிமிடங்களில் எரிகிறதா என்று கேட்பார்கள். 1977-இல் ஃப்ரோஷ், கிளிக்மன் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த சோதனை இது. சிலருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்குக் கண்ணில் நீர் வந்துவிடும்.

அந்த அமிலம் நரம்பை எட்டும் வழியில் ஒரு தடுப்பு இருக்கிறது. தோலின் ஆக மேலடுக்கின் தடிமன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். செத்துத் தட்டையான செல்களைச் செங்கல்லாகவும், அவற்றுக்கு நடுவே இருக்கும் கொழுப்பைச் சாந்தாகவும் கொண்ட சுவர் என்று அதை பீட்டர் எலையாஸ் 1980-களில் விளக்கினார். அந்தச் சாந்தில் ஏறக்குறையப் பாதி செராமைடு, கால் பங்கு கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். இந்த விகிதம் கெட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறும். வெளியில் இருப்பது உள்ளே இறங்கும். செராமைடை உண்டாக்கும் நொதிகளுக்கு இலேசான அமிலத்தன்மை தேவை. ஆரோக்கியமான தோலின் பி.எச். மதிப்பு 5-ஐ ஒட்டி இருப்பது இதற்கு உதவுகிறது. நாம் குளிக்கும் சாதாரண சோப்புக் கட்டியின் பி.எச். 9 முதல் 10 வரை போகும். ஒரு நாளைக்கு நான்கு முறை சோப்புப் போட்டு முகம் கழுவி, கழுவிய பின் தோல் 'கிறீச்' என்று இருந்தால்தான் சுத்தம் என்று நினைப்பவர்கள், சாந்தைத் தாங்களே கரைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே சொல்லிவிட வேண்டியது ஒன்று. பிறவியிலேயே சென்சிட்டிவ் சருமம் வாய்த்தவர்கள் உண்டு. கரப்பான், முகச் சிவப்பு நோய் உள்ளவர்களின் தோலும் அப்படித்தான் நடந்துகொள்ளும். ஆனால் நம் ஊரில் முகம் எரிகிறது என்று வருகிற பலருக்கு அது பிற்பாடு வந்தது. தடவித் தடவி வரவழைத்துக்கொண்டது. அதனால், எளிதில் எரிச்சலடையும் முகத்துக்கு எதை வாங்குவது என்று கேட்பதற்கு முன், எதை நிறுத்துவது என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் மாநிறத் தோலில் இந்தக் கேள்விக்கு அவசரம் கூடுதல். 1979-இல் வெளியான ஓர் அளவீட்டின்படி, கறுப்பினத்தவரின் மேல்தோல் தரும் இயற்கைப் பாதுகாப்பு சராசரியாக எஸ்.பி.எஃப். 13-க்குச் சமம்; வெள்ளையரின் மேல்தோலுக்கு அது 3.4 மட்டுமே. நாம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவர்கள். நிறமி பெரிய வரம், ஐயமில்லை. ஆனால் நிறமி செல்கள் வெயிலுக்கு மட்டும் எதிர்வினை காட்டுவதில்லை. அழற்சி எதுவாயினும், அது பருவாகட்டும், தேய்ப்பாகட்டும், ஒத்துக்கொள்ளாத கிரீமாகட்டும், அவை கூடுதல் மெலனினைச் சுரந்துவிடுகின்றன. வெள்ளைத் தோலில் ஒரு வாரம் சிவந்து மறைகிற எரிச்சல், நம் தோலில் கரும்புள்ளியாக மாதக்கணக்கில் தங்கும். ஆரம்பச் சிவப்பு மாநிறத்தில் சரியாகத் தெரியாததால் எச்சரிக்கையும் தாமதமாகத்தான் கிடைக்கிறது.

கறுத்த பிறகு என்ன நடக்கிறது? அந்தக் கறுப்பைப் போக்க இன்னொன்று வாங்கப்படுகிறது. அது எரிச்சல் தருகிறது. எரிச்சல் மீண்டும் கறுப்பாகிறது. இந்தச் சுழற்சிக்கு எரிபொருள் ஊற்றுவது வெளுப்பின் மீதான மோகம். இருபது வயதுப் பெண் ஒருத்தி தன் முகத்தை வெறுத்து, கடைக்குக் கடை போய் எரிச்சலை விலை கொடுத்து வாங்கும்படி ஒரு சமூகம் செய்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

மருந்துக் கடையில் "முகம் வெளுக்க ஏதாவது கிரீம் குடுங்க" என்று கேட்டால் சில இடங்களில் சின்னக் குழாய் ஒன்றைத் தருவார்கள். உள்ளே இருப்பது பீட்டாமெத்தசோன், க்ளோபிட்டசால், மோமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு. கரப்பானுக்கும் சொரியாசிஸுக்கும் மருத்துவர் சொன்னபடி, சொன்ன காலத்துக்குப் போட்டால் அவை அருமையான மருந்துகள். முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் கதை வேறு. முதல் இரண்டு வாரம் பரு அடங்கும், நிறம் வெளுக்கும், பளபளப்பு வரும். தோழிகள் கிரீமின் பெயரைக் கேட்பார்கள். பிறகு தோல் மெலியும், இரத்த நாளங்கள் வலை போலத் தெரியும், பரு குவியும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் சில நாட்களில் முகம் வீங்கிச் சிவந்து தீயாக எரியும். மறுபடி போட்டால் அடங்கும். ஆகவே விடமுடியாது. வெயில், அடுப்பின் அனல், வெறும் தண்ணீர்கூட அந்த முகத்துக்கு ஆகாமல் போகும்.

இந்தியாவின் 12 மையங்களில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றில், முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர். வெளுப்பதற்காகவும் எல்லாவற்றுக்கும் பொதுவான கிரீமாகவும் போட்டவர்களே இவர்களில் அதிகம். ஸ்டீராய்டுடன் ஹைட்ரோகுயினோனும் ட்ரெட்டினாயினும் சேர்ந்த மூன்று மருந்துக் கலவைக்கு ஒரு வரலாறு உண்டு. லாக்டிக் அமிலச் சோதனையில் பார்த்தோமே, அதே ஆல்பர்ட் கிளிக்மன் 1975-இல் மங்கு போன்ற கரும்படைகளுக்காக இன்னொரு மருத்துவருடன் சேர்ந்து வகுத்த மருந்து அது. மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்களுக்கு என்று இருந்தது, இங்கே ஆண்டுக்கணக்கில் தினமும் பூசும் பவுடர் மாதிரி ஆகிவிட்டது. 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்த பின்னும் கேட்டால் கிடைக்கும் நிலை முற்றிலும் மாறவில்லை.

இன்னொரு ஆபத்து பாதரசம். மெலனின் உண்டாக்கும் டைரோசினேஸ் என்ற நொதிக்குள் செம்பு இருக்கிறது. பாதரசம் அந்த இடத்தில் உட்கார்ந்து நொதியை முடக்குகிறது. வெளுப்பு உடனே தெரிகிறது. விலை பின்னால் தெரிகிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த, சிறுநீரில் புரதம் ஒழுகும் மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு இருந்தது நெல்-1 என்ற அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் போட்டுவந்தவர்கள். இந்திய விதிகளின்படி முகக் கிரீமில் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதுவும் தெரியாமல் கலந்ததாக இருந்தால்தான். தயாரிப்பாளர் முகவரியும் பொருட்பட்டியலும் இல்லாமல், 'வெளிநாட்டு கிரீம்' என்று ஒருவர் கை மாற்றி ஒருவருக்கு வரும் டப்பாவை வீட்டுக்குள்ளேயே விடக் கூடாது. பாதரச ஆவி, பூசாத குழந்தைக்கும் போய்ச் சேரும்.

வெளுப்பதற்காகப் பூசினால் இவை இரண்டும் நஞ்சு. நல்ல கடையில், நல்ல நிறுவனத்தின் பொருளை வாங்கினாலும் எரிகிறதே, ஏன்?

எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. ஒரு பொருளின் வீரியத்தால் தோல் புண்படுவது எரிச்சல். குறைத்துப் போட்டால் குறையும். ஒவ்வாமையில் உடலின் எதிர்ப்பு செல்கள் ஒரு குறிப்பிட்ட வேதிப்பொருளை எதிரியாக அடையாளம் வைத்துக்கொள்கின்றன. அதன் பிறகு துளி பட்டாலும் ஒன்றிரண்டு நாளில் அரிப்பும் தடிப்பும் வரும். பத்து வருடம் ஒத்துக்கொண்ட பொருள் பதினோராவது வருடம் ஒவ்வாமை தரலாம் என்பதைப் பலர் ஏற்க மறுக்கிறார்கள். "இவ்வளவு நாள் இதைத்தானே போட்டேன்" என்பது அந்தப் பொருள் குற்றமற்றது என்பதற்குச் சான்று ஆகாது.

அழகுப் பொருட்களில் ஒவ்வாமை தருவதில் முன்வரிசையில் நிற்பது வாசனை. பட்டியலில் 'ஃப்ராக்ரன்ஸ்', 'பர்ஃப்யூம்', 'பார்ஃபம்' என்று ஒரே சொல்லாக இருக்கும்; அதற்குள் பல வேதிப்பொருட்கள் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் 26 வாசனைப் பொருட்களைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்றது. 2023-இல் அந்தப் பட்டியல் எண்பதைத் தாண்டியது. 'அன்சென்டட்' என்று போட்டிருந்தால் வாசனைப் பொருள் இல்லை என்று அர்த்தமில்லை. மூலப்பொருளின் நாற்றத்தை மறைக்க வாசனை சேர்த்தும் 'மணமற்றது' என்று விற்கலாம். தேட வேண்டியது 'ஃப்ராக்ரன்ஸ்-ஃப்ரீ'. அதையும் பட்டியலைப் படித்து உறுதி செய்துகொள்வது நல்லது.

அடுத்தது, கெடாமல் காக்கும் பொருட்கள். இதில் ஒரு பாடம் இருக்கிறது. பாராபென் மீது மக்களுக்குப் பயம் வந்தபோது பல நிறுவனங்கள் அதைக் கைவிட்டு மெத்தில்ஐசோதையசோலினோன் என்பதற்கு மாறின. 2005 வாக்கில் ஐரோப்பா அதைத் தனியாகப் பயன்படுத்த அனுமதித்தது. சில ஆண்டுகளில் கைக்கும் முகத்துக்கும் ஒவ்வாமை அலை அடித்தது. ஒவ்வாத் தோலழற்சிக்கான அமெரிக்க மருத்துவர் சங்கம் 2013-ஆம் ஆண்டின் முதன்மை ஒவ்வாப் பொருளாக அதை அறிவித்தது. கழுவாமல் தோலில் விடும் பொருட்களில் 2017 முதல் ஐரோப்பாவில் அதற்குத் தடை. அதே சங்கம் 2019-இல் பாராபெனை ஒவ்வாமை தராத பொருள் என்று தனியாக எடுத்துச் சொன்னது! பாராபென் ஹார்மோனைப் பாதிக்குமா என்ற விவாதம் தனி. ஆனால் எரியும் முகத்தோடு 'பாராபென் ஃப்ரீ' என்ற எழுத்தைத் தேடி அலைவதில் பயனில்லை.

'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற முத்திரைக்கும் இதே கதிதான். ஒவ்வாமை குறைவு என்று சொல்ல வேண்டுமானால் மனிதர்களிடம் சோதித்து நிரூபியுங்கள் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1975-இல் விதி போட்டது. இரண்டு அழகுப் பொருள் நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. அன்று முதல் அந்தச் சொல்லுக்கு அங்கே சட்டப்படி எந்த அளவுகோலும் இல்லை. டப்பாவின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் தகவல். பின்பக்கத்தில் எழுத்து சிறியதாக இருந்தால் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பட்டியல் நீளநீள, ஒத்துக்கொள்ளாத ஏதாவது ஒன்று அதில் இருக்கும் வாய்ப்பும் கூடும்.

சரி, இந்தத் தொல்லையே வேண்டாம், வீட்டு வைத்தியம் இருக்கிறதே என்பார்கள். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். ஏறக்குறைய 2. அதை முகத்தில் தேய்ப்பது, மூக்கோரத்து அமிலச் சோதனையை முகம் முழுவதும் செய்வதற்கு ஒப்பு. அது மட்டுமல்ல. எலுமிச்சை இனத்தில், குறிப்பாகத் தோலில், ஃபுரோகூமரின் என்ற பொருட்கள் உண்டு. அவை பட்ட தோலில் புற ஊதா ஏ கதிர் விழுந்தால் கொப்புளமும், பிறகு திட்டுத்திட்டான கறுப்பும் வரும். டீ ட்ரீ, லாவெண்டர் எண்ணெய்கள் இயற்கையானவைதான். ஆனால் வாசனை எண்ணெய்களில் உள்ள லிமோனீன், லினலூல் போன்றவை காற்றுப் பட்டுப் பட்டு வலுவான ஒவ்வாப் பொருட்களாக மாறுகின்றன. திறந்து நாளாகி, அடியில் கொஞ்சம் மிச்சமிருக்கும் குப்பிதான் அதிக ஆபத்து. மஞ்சளுக்கும் ஒவ்வாமை உண்டு, அரிதாக. பயத்தம் மாவை மென்மையாகக் குழைத்துப் பூசிக் கழுவினால் பலருக்குத் தொந்தரவில்லை. அதையே கரகரவென்று தேய்த்தால், பீர்க்கங்காய் நாரால் உரசினால், உரசலே கறுப்பை உண்டாக்கும்.

நெற்றியையும் பார்ப்போம். மஞ்சளில் சுண்ணாம்போ வெங்காரமோ சேர்த்துச் செய்த குங்குமத்துக்கும், சாயத்தூள் கலந்து வருகிற குங்குமத்துக்கும் தோலைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு உண்டு. சில அசோ சாயங்கள் நெற்றியில் அரிப்பே இல்லாமல் கருநீலப் படையை வரவழைக்கும். ஜப்பானில் 1970-களில் பெண்களின் முகத்தில் வந்த இத்தகைய படைகளுக்கு அழகுப் பொருட்களின் சிவப்புச் சாயத்தில் இருந்த சூடான்-1 என்ற மாசு ஒரு முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். ஸ்டிக்கர் பொட்டில் இன்னொரு சிக்கல். சில பசைகளில் உள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் நிறமி செல்களையே கொல்லும். பொட்டு வைத்த இடத்தில் பொட்டு அளவே வெள்ளை விழுந்தால் உடனே நிறுத்த வேண்டும்; நிறுத்தாவிட்டால் பரவலாம்.

ஆண்கள் இதையெல்லாம் பெண்களின் விஷயம் என்று ஒதுங்கக் கூடாது. தலைக்கும் மீசைக்கும் போடும் கறுப்புச் சாயத்தில் இருக்கும் பி.பி.டி. என்ற வேதிப்பொருள் மிக வலுவான ஒவ்வாப் பொருட்களில் ஒன்று. அரிப்பு தலையில் தொடங்காமல், காது மடல், இமை, நெற்றியோரம், கழுத்து என்று வரும். நெற்றிப் பொட்டும் கன்னமும் சாம்பல் கலந்த கறுப்பாவதை 'வெயில்ல அலையிறேன்ல' என்று சொல்லிக்கொண்டு மாதாமாதம் சாயம் பூசுகிறவர்கள் எத்தனையோ பேர். முதலில் டையை நிறுத்திப் பாருங்கள். இமை அரிப்புக்கு நகப்பூச்சு காரணமாக இருப்பதும் இதே வகை விந்தை. விரலின் தடித்த தோலுக்கு ஒன்றும் ஆகாது. அந்த விரல் அடிக்கடி தொடும் மெல்லிய இமை வீங்கும்.

இனி, கட்டாயம் வேண்டியது. எரியும் முகத்துக்கு மூன்று பொருள் போதும் என்பேன்: மென்மையான கழுவி, எளிய ஈரப்பசை கிரீம், சன்ஸ்கிரீன். கழுவிக்கு சோப்பில்லாத, வாசனையில்லாத, பி.எச். 5.5-ஐ ஒட்டிய ஒன்று. காலையில் வெறும் தண்ணீரே பலருக்குப் போதும். ஈரப்பசைக்கு கிளிசரின், செராமைடு உள்ளது. இரவில் உதடு, கண்ணோரம், மூக்கோரம் போன்ற வெடித்த இடங்களில் பெட்ரோலியம் ஜெல்லி ஒரு படலம். 1872-இல் வாஸ்லின் என்று காப்புரிமை பெற்ற அந்தப் பழைய பொருளுக்கு ஒவ்வாமை மிக அரிது. நீர் வெளியேறுவதைத் தடுப்பதில் அதை மிஞ்ச இன்னும் பெரிதாக எதுவும் இல்லை. வியர்வையும் பருவும் உள்ளவர்கள் முகம் முழுவதும் அப்ப வேண்டாம். வைட்டமின் சி சீரம், கிளைகாலிக் அமிலம், ரெட்டினால் எல்லாம் எரிச்சல் அடங்கி, தோல் சில வாரம் அமைதியாக இருந்த பிறகு யோசிக்கலாம். வைட்டமின் சி-யான அஸ்கார்பிக் அமிலம் தோலுக்குள் இறங்க பி.எச். 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும். எரியாமல் எப்படி இருக்கும்? நியாசினமைடு நல்ல பொருள். தோல் தானே செராமைடு உண்டாக்க அது உதவுகிறது. ஆனால் பத்து சதவீதம் என்று அட்டையில் பெரிதாகப் போட்டதை ஏன் வாங்க வேண்டும்? நான்கு, ஐந்து சதவீதமே போதும்.

சன்ஸ்கிரீன் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. 'நாம கறுப்புதானே, நமக்கு எதுக்கு?' என்ற கேள்வி இன்னும் போகவில்லை. வெந்து சிவப்பது நமக்குக் குறைவு. கறுப்பதும், மங்கு படர்வதும் அதிகம். சென்னையில் கோடை நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தொடும். அது உலக அளவுகோலின் உச்சப் பிரிவு. புற ஊதா பி கதிர் தோலை வேக வைக்கும், எஸ்.பி.எஃப். எண் பெரும்பாலும் அதைத்தான் அளக்கிறது. 30 என்றால் அந்தக் கதிர் முப்பதில் ஒரு பங்கு உள்ளே வரும். 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு. கறுப்பதில் பெரும் பங்குள்ள புற ஊதா ஏ கதிருக்கு ஜப்பான் 1996-இல் கொண்டுவந்த பி.ஏ. கூட்டல் குறிகள் இருக்கின்றன. ஏ கதிர் கண்ணாடியையும் கடக்கும். பேருந்தில் தினமும் ஒரே பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த எண்களெல்லாம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் பூசிச் சோதித்து எழுதியவை. நடைமுறையில் நாம் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய கோடு முகத்துக்கும் கழுத்துக்கும் தேவை. பட்டாணி அளவு பூசிவிட்டு 50 வாங்கினேன், 70 வாங்கினேன் என்பதில் பொருளில்லை.

எரியும் முகத்துக்கு எந்த வகை? கதிரைத் தடுக்கச் சேர்க்கும் ஆக்ஸிபென்சோன் போன்ற சில கரிம வடிகட்டிகள் ஒவ்வாமைக்குப் பேர்போனவை. ஆக்ஸிபென்சோன் அடங்கிய பென்சோபீனோன்களை, முன்பு சொன்ன அமெரிக்க மருத்துவர் சங்கம் 2014-ஆம் ஆண்டின் முதன்மை ஒவ்வாப் பொருளாக அறிவித்தது. வேறு சில வடிகட்டிகள் வியர்வையோடு வழிந்து கண்ணை எரிக்கும். துத்தநாக ஆக்ஸைடும் டைட்டானியம் டை ஆக்ஸைடும் தோலோடு வம்புக்குப் போகாதவை. இவை கதிரைத் திருப்பி அனுப்புகின்றன என்று பொதுவாக எழுதுகிறார்கள். உண்மையில் அவையும் பெரும்பாலும் கதிரை உறிஞ்சியே தடுக்கின்றன. திருப்பி அனுப்புவது சிறு பங்கு. அவற்றின் குறை வேறு: மாநிற முகத்தில் சாம்பல் பூசியது போல வெளிறித் தெரியும். அதற்கு மாற்றாக வந்த நிறமூட்டிய சன்ஸ்கிரீன் நமக்கு இன்னொரு நன்மையும் செய்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியே மாநிறத் தோலைக் கறுக்க வைக்கும் என்றும், வெளிர் தோலில் அந்த விளைவு இல்லை என்றும் 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. சாதாரண சன்ஸ்கிரீன் அந்த ஒளியைத் தடுக்காது. நிறமூட்டப் பயன்படும் இரும்பு ஆக்ஸைடு தடுக்கும். காலமைன் லோஷனுக்கு அந்த ரோஜா நிறத்தைத் தருவதும் இரும்பு ஆக்ஸைடுதான். அதற்காகக் காலமைனை சன்ஸ்கிரீனாகப் பூசக் கூடாது. மங்கு உள்ளவர்கள் நிறமூட்டியதையே கேட்டு வாங்குங்கள். குடையும் முழுக்கை உடையும் யாருக்கும் ஒவ்வாமை தருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேக்கப்புக்கும் இதே நியாயம்தான். இரும்பு ஆக்ஸைடு உள்ள நிறமூட்டிய சன்ஸ்கிரீனே ஃபவுண்டேஷன் வேலையில் பாதியைச் செய்துவிடும். தண்ணீரில் கரையாத கண்மை, உதட்டுச் சாயம் ஆகியவற்றைக் கழற்ற வலுவான கரைப்பானும் தேய்ப்பும் வேண்டும். சேதம் போடும்போது இல்லை, எடுக்கும்போதுதான். எளிதில் கழுவப்படும் வகை மேல். தூரிகையையும் பஞ்சையும் வாரம் ஒருமுறை கழுவிக் காயவைக்க வேண்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் புது ஃபேஷியல், புது ப்ளீச் வேண்டவே வேண்டாம். அழகு நிலையத்தில் "ஒண்ணும் ஆகாதுக்கா" என்று சொல்வார்கள்; ஆனால் மேடையில் நிற்கப்போவது உங்கள் முகம்.

எதை வாங்கினாலும் முகத்துக்கு முன் கையில் போட்டுப் பாருங்கள். கழுவாமல் விடும் கிரீமாக இருந்தால் முழங்கை மடிப்புக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில், ஒரு நாளைக்கு இரு வேளையாக, ஏழு நாள். அரிப்போ தடிப்போ வந்தால் அது வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுப் பொருள். இரண்டை ஒன்றாகத் தொடங்கினால் எது குற்றவாளி என்று தெரியாது. தலைச் சாயத்தை இப்படி வாரம் முழுக்கப் பூசிப் பார்க்கக் கூடாது. அதற்குப் பெட்டியில் உள்ள குறிப்பும் மருத்துவரும்தான் வழி. அடிக்கடி தொந்தரவு வந்தால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் யோசெஃப் யாடசோன் தொடங்கிவைத்த முறை அது. முதுகில் சிறு சிறு ஒட்டுகளில் பொருட்களை வைத்து, இரண்டு நாள் கழித்து எடுத்து, மீண்டும் ஓரிரு நாளில் பார்ப்பார்கள். அந்த நாட்களில் முதுகு நனையக் கூடாது. கண்டுபிடித்துவிட்டால் ஆயுளுக்கும் தவிர்க்க வேண்டிய பெயர் கைக்குக் கிடைத்துவிடும்.

கடைசியாக, வெளுப்புக் கிரீமோ பெயர் தெரியாத குழாயோ மாதக்கணக்கில் போட்டுவருகிறவர்களுக்கு: இதைப் படித்துவிட்டு இன்றே தூக்கி எறிந்துவிட்டுத் தனியாகச் சமாளிக்க முயலாதீர்கள். ஸ்டீராய்டு என்றால் திடீரென்று நிறுத்தும்போது முகம் முதலில் மோசமாகும். அந்த வாரங்களைக் கடக்க மருந்தும் துணையும் தேவை. பூசியதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். அந்தக் குழாயையும் டப்பாவையும் அப்படியே எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ, அருகிலுள்ள தோல் மருத்துவரிடமோ போங்கள். கால் வீக்கமும் நுரைத்த சிறுநீரும் சேர்ந்திருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.